டவர் எடுக்கும் இடம்

காரவள்ளியில் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. பேருந்தில் பலர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து வயிற்றைச் சமாளித்துக்கொண்டிருக்க, நான் கைப்பேசித் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் 4ஜி, நான்கு கோடு. அடுத்த வளைவில் மலை குறுக்கே வந்ததும் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததில் மறுபடி மூன்று. அடிவாரத்தைப் பார்த்த பக்கம் திரும்பினால் கிடைக்கிறது, பாறைப் பக்கம் திரும்பினால் போய்விடுகிறது. கொல்லிமலையில் இணையம் எப்படி இருக்கும் என்பதற்கு அந்தச் சாலையே பாதி பாடம் நடத்திவிட்டது.

செம்மேட்டில் இறங்கியபோது குறையே இல்லை. டீக்கடையில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது. நான் போக வேண்டியது அங்கிருந்து ஜீப்பில் போகும் ஒரு சிற்றூர். மிளகு வாங்கி விற்கும் சிறு குழு ஒன்று அங்கே ஒரு லேப்டாப்பில் கணக்கு வைத்திருக்கிறது. ரசீது, ஜிஎஸ்டி, வண்டிக்கான இ-வே பில் எல்லாம் அதில்தான். கம்பி வழி இணையம் ஊருக்குள் இல்லை. செல்போன் சிக்னலை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. மிளகு வாசனை மூக்கில் ஏறுகிறது. கணக்குப் பார்க்கும் பெண் பி.காம். முடித்தவர். நான் பையை இறக்குவதற்குள் என் கையில் இருந்த கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள டவர் எடுக்காதுங்க சார். பலாமரத்துக்கிட்ட போனீங்கன்னா எடுக்கும்."

கொட்டகைக்குப் பின்னால் முப்பது மீட்டர் தள்ளி, சரிவு தொடங்கும் இடத்தில் அந்தப் பலாமரம். அங்கே போய் நின்றால் எதிர்முகட்டுக்கு மேலே வானம் திறந்திருக்கிறது.

கோடுகளைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு கைப்பேசி நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. கிளி ஜோசியத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செட்டிங்ஸுக்குள் 'ஃபோனைப் பற்றி' என்ற பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் எண்ணாகவே தெரியும். மைனஸ் எண். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80 என்றால் ராஜபோகம், 100 வரை வேலை ஓடும், 110-ஐத் தாண்டினால் தடுமாறும், 120 ஏறக்குறைய எல்லை. கொட்டகைக்குள் என் கைப்பேசி மைனஸ் 118 காட்டியது. பலாமரத்தடியில் மைனஸ் 98. இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும். இந்த அலகில் பத்து கூடினால் வலிமை பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. முப்பது மீட்டர் நடையில் நூறு மடங்கு சிக்னல்.

தகரக் கூரைதான் முதல் எதிரி. உலோகத் தகடு ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும். சிக்னல் பெரும்பாலும் ஜன்னல் வழியாகவும் கதவு வழியாகவும்தான் உள்ளே நுழைய வேண்டும். இந்தக் கொட்டகையின் ஜன்னலோ செல்போன் கோபுரம் இல்லாத திசையைப் பார்க்கிறது.

"லேப்டாப்பில் நெட் வரவில்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தூரங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கோபுரத்திலிருந்து கைப்பேசி வரை ஒரு தூரம். அது கிலோமீட்டர் கணக்கு. கைப்பேசியிலிருந்து லேப்டாப் வரை இன்னொரு தூரம். அது மீட்டர் கணக்கு. லேப்டாப் மூலையில் வைஃபை விசிறி முழுதாக விரிந்திருந்தால் இரண்டாவது தூரம் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே பொருள். முதல் தூரம் செத்துக் கிடந்தாலும் அந்த விசிறி விரிந்தே இருக்கும். வேகமான பிளான், விலை உயர்ந்த போன், 5ஜி சிம் என்று காசு கரைவதெல்லாம் இந்தக் குழப்பத்தில்தான். சிக்னல் எங்கே நிற்கிறதோ அங்கே கருவியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து லேப்டாப்புக்கு எப்படிக் கொண்டுவருவது என்று மட்டும் யோசித்தால் போதும்.

இந்தப் பெண் அதைத்தான் செய்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்துப் பார்த்திருக்கிறார். யுஎஸ்பி டெதரிங் மோசமான வழி அல்ல. லேப்டாப் கைப்பேசியை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்கிறது, சார்ஜும் ஏறுகிறது, வைஃபை இரைச்சல் கிடையாது. நகரத்தில் அவசரத்துக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே. ஆனால் சாதாரண யுஎஸ்பி கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது. பலாமரம் முப்பது மீட்டரில் இருக்கிறது. புளூடூத் வழியும் உண்டு. பேட்டரி மிச்சமாகும், வேகம் நொண்டும். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு கைப்பேசியை மரத்தடியில் வைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டிருக்கிறார். நெட் வந்தது. போன் வெயிலில் காய்ந்து சூடாகி அணைந்தது. அழைப்பு வரும்போதெல்லாம் மரத்துக்கு ஓட வேண்டியிருந்தது. கடைசியில் குழுவின் காசில், சிம் போடும் கையடக்க வைஃபை ரூட்டர் ஒன்றைச் சேலத்தில் வாங்கிவந்திருக்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உள்ளே பேட்டரி, துணைக்கு ஒரு பவர் பேங்க்.

மழைக்கு என்ன செய்வது? அவருடைய பெரியப்பா, குழுவின் மூத்தவர், நல்ல கனமான எவர்சில்வர் டப்பாவுக்குள் ரூட்டரை வைத்து மூடி மரத்தில் கட்டிவிட்டிருக்கிறார். ஒரு பொட்டு நெட் வரவில்லை. நான்கு பக்கமும் உலோகத்தால் மூடிய பெட்டிக்குள் ரேடியோ அலை புகாது. கொட்டகையில் தகரம் செய்த வேலையை டப்பா இன்னும் கச்சிதமாகச் செய்துவிட்டது. "புது டப்பாங்க, சீர் வந்தது" என்று பெரியப்பா இன்னும் வருத்தப்படுகிறார். இப்போது அந்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பா. அடியில் காற்றுக்கு ஓட்டை, வாய் கீழே பார்த்திருக்க, பழைய சாக்குத் துணி நிழலுக்கு.

மரத்திலிருந்து கொட்டகைக்கு வைஃபை வர இன்னொரு கணக்கு இருக்கிறது. ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளைக் காட்டும். 5 வேகமானது, ஆனால் தூரத்துக்கும் சுவருக்கும் தாங்காது. அந்தப் பெண் 2.4-ஐ வைத்துக்கொண்டு, மேசையை மரம் தெரியும் கதவோரத்துக்கு நகர்த்தியிருக்கிறார். நான் பார்க்கும்போது ஜிஎஸ்டி தளம் சீராகத் திறந்தது.

ஓடிபி-யில்தான் சிக்கல் என்றார். அரசுத் தளத்தில் பதிந்திருக்கும் எண்ணின் சிம்மை ரூட்டருக்குள் போட்டால், ஓடிபி குறுஞ்செய்தி ரூட்டருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. தெரியாதவர் மரத்தில் ஏறி சிம்மைக் கழற்றுவார். உலாவியில் 192.168 என்று தொடங்கும் ரூட்டரின் முகவரியை அடித்து உள்ளே போனால் குறுஞ்செய்திகளுக்கு ஒரு பக்கம் இருக்கும், அங்கே படித்துவிடலாம். இவர் அதைவிட எளிய வழி கண்டுபிடித்திருக்கிறார். ரூட்டருக்குத் தனி டேட்டா சிம். பதிந்த எண் அவருடைய பழைய பட்டன் போனில். பட்டன் போன் 2ஜி-யில் வேலை செய்வதால் கொட்டகைக்குள் ஒரு மூலையில் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது.

எந்த நிறுவனத்து சிம் என்று கேட்டேன். "இங்க எது எடுக்குதோ அதுங்க சார்." இதைவிடச் சரியான பதில் கிடையாது. விளம்பரத்தில் உள்ள வரைபடத்தைப் பார்க்காமல், அதே மரத்தடியில் அக்கம்பக்கத்தாரின் வெவ்வேறு சிம்களை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மலைக்கு இன்னொன்றும் முக்கியம். இந்தியாவில் 4ஜி 700, 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று பல அலைவரிசைகளில் ஓடுகிறது. 700, 850, 900 ஆகியவை குன்றின் விளிம்பில் வளைந்து, சுவரைத் துளைத்துத் தொலைவுக்கு வரும். 2300 வேகம் தரும், ஆனால் மறைவைத் தாங்காது. ரூட்டர் வாங்கும்போது பெட்டியில் பேண்ட் 5, 8, 28 என்ற எண்களைத் தேட வேண்டும். முறையே 850, 900, 700. வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்த மலிவுக் கருவிகளில் இவற்றில் ஒன்றிரண்டு இருக்காது. கடைக்காரர் "எல்லா சிம்மும் போடும்" என்பார். போடும்தான், எடுக்குமா என்பது வேறு கேள்வி. அதே கடையில் 'பூஸ்டர்' என்று ஒன்றையும் நீட்டுவார்கள். அனுமதியில்லாமல் சிக்னல் ரிப்பீட்டர் வைப்பது இங்கே சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக்காரரின் சிக்னலையும் அது கெடுக்கும்.

மேசை இழுப்பறையில் ஒரு பழைய டாங்கிள் கிடந்தது. பெரியப்பாவின் மகன் கல்லூரியில் பயன்படுத்தியதாம். அந்தக் கால டாங்கிளைச் செருகினால் முதலில் அது சிடி டிரைவாக வேஷம் போட்டு, தன் மென்பொருளைத் தானே நிறுவிக்கொண்டு, அப்புறம்தான் மோடமாக மாறும். பிறகு லேப்டாப் *99# என்ற எண்ணை டயல் செய்யும். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தொலைபேசி மோடத்துக்காக வகுத்த கட்டளை மொழியே அதற்குள்ளும் ஓடியது. இது 3ஜி டாங்கிள். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக 3ஜி-யை மூடி, அந்த அலைவரிசையை 4ஜி-க்குத் திருப்பிவிட்ட பிறகு இதைச் செருகினால் 2ஜி-யில் ஊர்ந்தால் உண்டு. ஆனாலும் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

டேட்டாவை அந்தப் பெண் காக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நாளுக்கு ஒன்றரை ஜிபி பிளான். அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும். வினாடிக்கு எட்டு கிலோபைட். ஒரு எம்பி பக்கம் திறக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் அரசுத் தளம் உங்களை வெளியேற்றிவிடும். ஒரு நாள் காலை பத்து மணிக்கே டேட்டா தீர்ந்திருக்கிறது. யார் தின்றது என்று தேடினால் விண்டோஸ் அப்டேட். கைப்பேசி டேட்டா அளந்து வருவது என்பது லேப்டாப்புக்குத் தானாகத் தெரியாது; வைஃபை என்றால் வீட்டு பிராட்பேண்ட் என்றே நினைத்துக்கொள்ளும். நெட்வொர்க் அமைப்பில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை இயக்கினால் பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும். யுஎஸ்பி-யில் இணைப்பவர்கள் கவனிக்க: அது ஈதர்நெட் என்ற பெயரில் வரும், அதற்கு இந்த அமைப்பைத் தனியாக இயக்க வேண்டும். படங்களைத் தானாக மேலேற்றும் செயலிகளையும் இவர் நிறுத்திவைத்திருக்கிறார். அப்டேட்டை மாதம் ஒருமுறை செம்மேட்டில் உறவினர் வீட்டில் போட்டுக்கொள்கிறார்.

மாலை ஏழு மணிக்கு மேல் அதே மரத்தடி, அதே மைனஸ் 98. வேகம் மட்டும் படுத்துவிட்டது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள், சிக்னல் எண் அதைக் காட்டாது. ஐபிஎல் ராத்திரிகளில் பில் போடுவதே இல்லையாம். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பறக்கிறது. கரண்ட் நெடுநேரம் போனால் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து கோடே போய்விடும். அன்றைக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஊருக்கே கோபுரம் வந்துவிட்டால் எல்லாம் தீரும் என்று பெரியப்பா நம்புகிறார். 4ஜி இல்லாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 26,316 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது, பணி பி.எஸ்.என்.எல். வசம் இருக்கிறது. வந்தால் நல்லதுதான். தகரக் கூரை அப்போதும் தகரக் கூரையாகவே இருக்கும்.

கணக்குப் பார்க்கும் பெண்ணுக்கு வேறு திட்டம். வெளியே மாட்டுவதற்கென்றே செய்த சிம் ரூட்டர்கள் இருக்கின்றன. மழை தாங்கும், கோபுரத்தின் திசை பார்த்துத் திருப்பி வைக்கலாம். அதிலிருந்து லேப்டாப்புக்கு ஈதர்நெட் கேபிள் வரும். யுஎஸ்பி போல ஐந்து மீட்டர் அல்ல, நூறு மீட்டர் வரை தாங்கும், மின்சாரமும் அதே கேபிளில் போகும். மரத்தில் வேண்டாம், இடி விழும். பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, எர்த் போட்டு மாட்டிவிட வேண்டும் என்கிறார். செலவுக் கணக்கைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். குழுக் கூட்டத்தில் பேசினால் ஒப்புக்கொள்வார்கள்.

"கம்பம் நடலாங்க," என்றார் பெரியப்பா. "ஆனா அந்தப் பலாமரத்து எடம் பங்காளிது. மொதல்ல அவன்கிட்ட யாரு பேசறது?"