பழைய ஒயிலை எங்கே ஊத்துறது?

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கினாலும், வரியைக் கேட்டால் தலைசுற்றும். இருக்கிற காரைக் காப்பாற்றத்தான் வேணும். மாமா ஒட்டோ கியர் ஒயிலைத் தானே மாற்ற வெளிக்கிட்டார்.

மயிலிட்டிக் கடற்காற்றில் நட்டெல்லாம் துரு. மேலே ஒயில் விடுகிற வழி திறக்குதா என்று பார்த்த பிறகே கீழ் நட்டில் கைவைத்தார். இல்லாட்டி வடித்த பெட்டியோட கார் முற்றத்திலேயே நிற்கும். சிவப்பாக இருக்கவேண்டியது பிளேன்ரீ நிறத்தில் வந்தது. வந்ததை அளந்து அவ்வளவே விட்டோம். ஒருமுறை வடித்தால் முழுக்க வராது. டோர்க் கொன்வேர்ட்டருக்குள் நிறைய மிச்சம் நிற்கும். கொஞ்சநாள் ஓடிப்போட்டு இன்னொருக்கா மாற்றவேணும்.

சண்டை வந்தது பழைய ஒயிலில்தான்.

"வேலித் தூணுக்கு ஊத்து பிள்ளை, கறையான் அண்டாது."

நான் விடவில்லை. 1990இல் விட்டுப்போன காணி. 2017க்குப் பிறகு வந்து, கிணறு இறைத்துத்தான் தண்ணி குடிக்கிறம். கீழே சுண்ணாம்புக்கல், ஊத்தினால் நேரே இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்ட சனம்தானே நாங்கள்!

இப்ப அது கானில், கராஜுக்குப் போகக் காத்திருக்குது. மாமாவின் கண் இன்னும் வேலித் தூணில்தான்.