மலைநாட்டு இளைஞரும் நவீனங்களும்

இளைஞர் விரும்பிப் படிக்கும் நவீனங்களைக் குறித்து யாம் கருதுவன சில கூறப் புகுந்தோம். 2005-இல் வெளிவந்த ‘டுவைலைட்’ இரத்தக் காட்டேரியின் காதலைப் பேசிற்று. 2008-இல் வெளிவந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ சிறார் ஒருவரையொருவர் கொல்லும் போட்டியைப் பேசிற்று. இவற்றின் வழிவந்த கதைகள் பல. யாமும் அவற்றை உறக்கம் விட்டுப் படித்தோம், இகழ்வதற்கில்லை. அச்சமும் காதலும் பதினாறு வயதினர்க்கு மெய்ப்பொருள்களே.

எனினும் பழனி மலையிற் பிறந்த எமக்கு ஒரு குறை உண்டு. யாம் படித்த கதைகளில் எங்கள் மூடுபனி பேய் உலவுதற்கும், கொடைக்கானல் ஏரி வந்துபோகும் காதலர்க்குமே பயன்படுகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறையின் அடுக்கு வயலில் அதனைப் பிடுங்கும் எம் தங்கை, “அண்ணா, என்னைப் போன்ற பெண் எந்தக் கதையிலும் வரமாட்டாளா?” என்று வினவினாள். விடை கூற நூலொன்றும் கிட்டிற்றிலது.

சங்கப் புலவர் குறிஞ்சித் தலைவியைத் தினைப்புனத்திலே நிறுத்தினர். அவள் நெஞ்சிற் காதல் இருந்தது. கையிற் கிளி கடியும் கருவியும் இருந்தது. தொழிலும் காதலும் ஒருங்கே அமைந்த அம்மரபு நம்முடையது. அதனைப் புதுக்கி ஒரு கதை எழுத நம் மாணவருள் எவரேனும் முன்வருவாராக. முதல் வாசகி பூம்பாறையிற் காத்திருக்கிறாள்.