பிரிட்ஜ்ல இருந்த கரடி மிட்டாய்

நேத்து டொராண்டோவுல ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன்.
தண்ணி எடுக்க பிரிட்ஜைத் திறந்தா, ஒரு டப்பா நிறைய சிவப்பும் பச்சையுமா கரடி வடிவ கம்மி மிட்டாய்.

"அதைத் தொட்டுடாதீங்க, கஞ்சா போட்டது. நானே செஞ்சேன்"னார்.

பக்கத்துலயே அவர் பொண்ணோட தயிர் டப்பா. அவளுக்கு நாலு வயசு.

எனக்கு அப்புறம் சாப்பாடே இறங்கலை.

இங்க ஒன்டாரியோவுல பெரியவங்க வீட்ல செஞ்சுக்கிறது தப்பில்லை. கஞ்சாவை 2018லயே அனுமதிச்சாச்சு. நான் அதைக் குறை சொல்லலை.

ஆனா கடையில விக்கிறதுக்கு எவ்வளவு கட்டுப்பாடு!
ஒரு பாக்கெட்டுக்கு மொத்தமே 10 மில்லிகிராம் டிஹெச்சி, அதாவது கஞ்சாவுல போதை தர்ற பொருள்.
குழந்தையால திறக்க முடியாத உறை. எச்சரிக்கைக் குறி.
அமெரிக்காவுல, கொலராடோவுல, 2017லேருந்து மிருகம், பழம் வடிவத்துல விக்கவே கூடாது.

வீட்டு டப்பாவுல இதுல ஒண்ணுமே இல்லை.
எண்ணெய் ஜெலட்டின் பாகோட சரியாக் கலக்காது. ஒரு துண்டுல கொஞ்சம், அடுத்ததுல பல மடங்கு இருக்கலாம்.
சாப்பிட்டா ஏறவே அரை மணியிலேருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். பெரியவங்களே "ஒண்ணும் ஆகலையே"ன்னு இன்னொண்ணு போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க.
குழந்தைக்கு ஒண்ணோட நிறுத்தத் தெரியுமா? அந்தச் சின்ன உடம்புல மூச்சே மந்தமாகிடலாம்.

அவர்கிட்ட நேராவே சொன்னேன். பூட்டுற பெட்டியில வைங்க, கரடி அச்சைத் தூக்கிப் போடுங்கன்னு.
"பாக்கலாம்"னார்.

உங்க பிள்ளைய ஒரு வீட்டுக்கு விளையாட அனுப்புறதுக்கு முன்னாடி, "அந்த மிட்டாய் இருக்கா, எங்க வச்சிருக்கீங்க?"ன்னு கேப்பீங்களா?
கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா?