ஒரே அச்சில் வார்த்த இரண்டு வட்டுகள்

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில் இருக்கும் அண்ணன் வீட்டில் நாங்கள் இருவரும் ஆறு வாரங்கள் தங்கியிருந்தோம். முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலைக்காகக் கடல் கடந்தவர் அவர். 2021இல் வந்த பக்கவாதம், உயிரை விட்டுவைத்து வலக்கைப் பிடியில் பாதியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அவரை எந்த முகத்தோடு எதிர்கொள்வது என்று விமானத்தில் யோசித்தபடியே சென்ற எங்களை, மறுநாள் காலையிலேயே கிளப்பிக்கொண்டு போய் ஒரு விளையாட்டுத் திடலில் நிறுத்தினார். அந்தத் திடலில் நாங்கள் செய்த பிழை ஒன்றை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். இப்போதுதான் கை வந்தது.

ஆட்டத்தின் பெயர் டிஸ்க் கோல்ஃப். பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. தட்டுப் போன்ற பிளாஸ்டிக் வட்டை எறிய வேண்டும். குழிக்குப் பதில் ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியிலிருந்து தொங்கும் சங்கிலிகள். கீழே ஒரு கூடை. சங்கிலியில் மோதி வட்டு கூடைக்குள் விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. குறைந்த எறிகளில் முடிப்பவர் வென்றவர். தொலைவுக்கு எறியும் வட்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். கூடைக்கு அருகில் வந்ததும் எடுக்கும் வட்டு, விளிம்பு மழுங்கி, உதடு தடித்து, மெதுவாகப் பறப்பது. அதற்குப் ‘பட்டர்’ என்று பெயர். அச்சொல்லைக் கேட்டால் எங்களுக்கு ஸ்ரீரங்கத்துப் பட்டர்களே நினைவில் வந்து நிற்பதால், இங்கே வட்டு என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். நமக்கு அது பழைய சொல்தான். நற்றிணையின் மூன்றாம் பாடலில் வேப்பமர நிழலில் அரங்கு இழைத்துச் சிறுவர்கள் வட்டாடுகிறார்கள். அவர்களுக்கு வட்டாக அமைவது நெல்லிக்காய்.

அண்ணன் எங்களை அழைத்துச் சென்ற இடத்துக்கு இந்த ஆட்டத்தின் வரலாற்றில் தனி மதிப்பு உண்டு. ஓக் மரங்கள் அடர்ந்த அந்தப் பூங்காவில்தான், 1975இல், நிரந்தரமாக அமைக்கப்பட்ட முதல் டிஸ்க் கோல்ஃப் திடல் பிறந்தது. ஒரு பக்கம் சான் கேப்ரியல் மலை, மறு பக்கம் விண்கலங்கள் செய்யும் ஜெட் உந்துவிசை ஆய்வகம். திடலை வடிவமைத்த எட் ஹெட்ரிக், ‘ஃபிரிஸ்பி’ என்ற விளையாட்டுத் தட்டைத் திருத்தி 1967இல் காப்புரிமை பெற்றவர். சங்கிலியும் கூடையும் கொண்ட கம்பத்துக்கு 1977இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே அவரது சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து வட்டுகளாக வார்த்தார்கள். “செத்தும் பறக்கிறார் மனுஷன்” என்று அண்ணன் சிரித்தார். பக்கவாதம் கண்டவர் வாயிலிருந்து வந்ததால் எங்களால் உடனே சிரிக்க முடியவில்லை.

அவருக்கு இந்த ஆட்டத்தைப் பழக்கியவர் பக்கத்து வீட்டு அமெரிக்க முதியவர். தினமும் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்; சும்மா நடக்க அண்ணனுக்குப் பொறுமை இல்லை. எறி, எறிந்ததை நோக்கி நட, குனிந்து எடு, மறுபடி எறி என்றதும் கால்கள் தாமாகவே நடந்திருக்கின்றன. இந்த ஆட்டத்தில் ஒரு விதியும் உண்டு. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிபவர், எறிந்தபின் நிலைகொண்டு நின்று காட்டாமல் குறியிடத்தைத் தாண்டிக் காலெடுத்து வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது விதி. அண்ணனுக்கு அது தினசரித் தேர்வு. விழாமல் நின்றுவிட்டால், வட்டு எங்கே விழுந்தாலும் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும்.

அவரிடம் இருந்த வட்டு, இன்னோவா நிறுவனத்தின் ‘ஏவியர்’ என்னும் வகை. விளிம்பெல்லாம் கீறல், சிவப்பு நிறம் வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. கடையில் அடுக்கி வைத்திருந்தவற்றில் அதே பெயரைத் தேடிப் பிடித்தோம். அதே அச்சு, அதே அளவு. பிளாஸ்டிக் மட்டும் வேறு. அண்ணனுடையது ‘டி.எக்ஸ்’ என்ற மலிவு ரகம். பக்கத்தில் ‘சாம்பியன்’ என்ற உயர் ரகம், கற்கண்டுப் பாளம்போல ஒளி ஊடுருவ மின்னிக்கொண்டிருந்தது. விலை கூடியது நல்லது, நெடுநாள் உழைப்பது நல்லது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். யோசிக்காமல் வாங்கினோம். அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அடேங்கப்பா” என்றார்.

அதன்பின் மூன்று வாரம் அவர் அதை மட்டுமே எறிந்தார்.

வந்த புதிதில் நாலைந்து அடியிலிருந்து பாதிக்குப் பாதி கூடையில் போட்டவர், இப்போது பத்துக்கு இரண்டு போட்டார். வட்டு இடப்பக்கம் நழுவியது, குறுகி விழுந்தது, சங்கிலியில் ‘டங்’கென்று பட்டுத் தெறித்தது. விழாமல் நிற்கும் மலர்ச்சியும் போயிற்று. நோய் திரும்புகிறதோ என்று நாங்கள் இரவில் பேசிக்கொண்டோம். கோப்பையை எப்படிப் பிடிக்கிறார், பொத்தானை எப்படிப் போடுகிறார் என்று அவருக்குத் தெரியாமல் கவனித்தோம். ஒருநாள் மாலை பொறுக்கமாட்டாமல் சொல்லியும் விட்டோம்: “எறியறதெல்லாம் போதும்ணே. சும்மா நடந்தாப் போதாதா?”

அவர் பதில் பேசவில்லை. மறுநாள் திடலுக்குக் கிளம்பவும் இல்லை.

விசாரிக்க வந்த முதியவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் இரண்டு வட்டுகளையும் எடுத்துவரச் சொல்லி, தோட்டத்துக் குழாயில் நனைத்து எங்கள் கையில் கொடுத்தார். பழையது ஈரத்திலும் உள்ளங்கையோடு ஒட்டியது; நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மீண்டது. புதியது ஈரச் சோப்பைப்போல வழுக்கியது. இறுக்கிப் பிடிக்க விரல்கள் வலிந்து உழைக்க வேண்டியிருந்தது. அப்படி உழைக்கும் விரல்கள்தாம் அண்ணனிடம் இல்லை.

கூடைக்கு அருகில் எறிவதில் பறப்பைவிடப் பிடியே முக்கியம் என்றார் முதியவர். கை வீச்சு முடியுமுன்பே நழுவிவிட்டால், வலக்கைக்காரர் மார்புக்கு முன்னிருந்து எறியும் வட்டு இடப்பக்கமாகப் போகும்; வேகமும் குறையும். வேகம் குறையும்போது, சுழலும் வட்டு இயல்பாகவே இடப்பக்கம் சாயும். காற்று முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது. சுழற்சி அந்தத் தூக்கலைப் பக்கச் சாய்வாக மாற்றிவிடுகிறது. பம்பரம் தளரும்போது தலையாட்டுவதை நாம் பார்த்திருக்கிறோமே, அதன் உறவுதான் இதுவும். மென்மையான வட்டு சங்கிலியில் பட்டதும் சற்று வளைந்து அடங்கிவிடும், கெட்டியானது தெறிக்கும் என்பது ஆடுகிறவர்கள் பலரின் அனுபவம்.

எங்களை வியப்பில் ஆழ்த்தியது அதற்கடுத்து அவர் சொன்னது. ஒரே அச்சில் வார்த்தாலும் இவை ஒரே வடிவம் அல்லவாம். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குகிறது; ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்குகிறது. அதனால் ஒன்றின் முதுகு சற்றே மேடாகிறது, மற்றொன்றினது தட்டையாகிறது; விளிம்பின் நுனி ஒரு மயிரிழை உயர்கிறது அல்லது தாழ்கிறது. அந்த மயிரிழைதான், வேகமாக எறியும்போது வட்டு இடம் சாயுமா, நேரே போகுமா என்பதைத் தீர்மானிப்பது. இரண்டையும் மேசைமேல் வைத்துக் கண்மட்டத்துக்குக் குனிந்து பார்த்தோம். வேறுபாடு தெரிந்தது.

தேய்மானமும் அப்படித்தான். மலிவு ரகம் மரத்திலும் கல்லிலும் பட்டுச் சீக்கிரம் விளிம்பு தேயும். தேயத் தேய இடச்சாய்வு குறைந்து நேராகும், மேலும் தேய்ந்தால் வேக எறியில் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். உயர் ரகம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். எனவே அதை எடுத்த எடுப்பில் குறைசொல்ல முடியாது. காற்று வீசும் நாளில், வலுவான கையில், நேற்றுப் போலவே இன்றும் பறக்கும் வட்டுக்கு ஒரு விலை உண்டு. குளிரில் எல்லாப் பிளாஸ்டிக்கும் இறுகும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் வட்டு கோணிப்போகும். அண்ணன் தமது பழைய வட்டைக் காரில் விடாமல் வீட்டுக்குள் எடுத்துவந்து வைப்பதை நாங்கள் முதியோர் பிடிவாதம் என்று நினைத்திருந்தோம்.

வகுப்பில் யாப்பு நடத்தும்போது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் உவமை ஒன்று உண்டு. வெண்பா என்பது அச்சு, புலவன் அதில் தன் பொருளை ஊற்றுகிறான், அச்சு மாறாது என்போம். அன்று மேசைமுன் குனிந்து நின்றபோது அது அரைகுறை உவமை என்று பட்டது. ஊற்றியது ஆறும்போது அச்சின் அளவை விட்டுத் தன் அளவுக்கு வந்துவிடுகிறது. அறம் உரைக்கும் புலவர் கையில் வெண்பா இறுகுவதும், காளமேகம் கையில் அதே வெண்பா துள்ளுவதும் அதனால்தான் போலும். ‘பொருள்’ என்ற ஒரே சொல்லால் பண்டத்தையும் அர்த்தத்தையும் சேர்த்துக் குறிக்கும் மொழியைக் கற்பிக்கிறவர்கள், பெயரையும் விலையையும் பார்த்து ஒன்றை வாங்கிவந்திருக்கிறோம். அதைவிடப் பெரிய பிழை, கைக்குப் பொருந்தாத பண்டத்தைக் கொடுத்துவிட்டுக் கையைச் சந்தேகித்தது.

மறுநாள் மூவரும் திடலுக்குப் போனோம். பழைய வட்டைக் கொடுத்தோம். அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. முதல் மூன்று எறியும் தவறின. நான்காவது சங்கிலியில் அடங்கிக் கூடைக்குள் விழுந்தது. அண்ணன் இரண்டு கால்களையும் ஊன்றி அசையாமல் நின்று, பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“வழுக்குதுன்னு முதல் நாளே ஏன் சொல்லலைண்ணே?”

“நீங்க வாங்கிக் குடுத்ததாச்சே” என்றார். “அதோட, கைதான் வழுக்குதுன்னு நானும் நெனச்சுட்டேன்.”

அவரும் தம் கையைத்தான் சந்தேகித்திருக்கிறார். அதற்கு நாங்களும் துணைபோயிருக்கிறோம். மூன்று வாரம் அவர் எந்த மனத்தோடு அந்தக் கூடைமுன் நின்றிருப்பார் என்பதை இன்று நினைத்தாலும் எங்களுக்கு வலிக்கிறது.

ஊருக்குக் கிளம்பும்போது கற்கண்டு வட்டை நாங்கள் எடுத்துப்போவதாகச் சொன்னோம். அவர் தரவில்லை. பையில் பழையதற்குப் பக்கத்தில் அதைச் செருகிக்கொண்டார்.

“கெட்டி ரகம், மெதுவாத்தான் தேயுமாம். தேயட்டும். நானும் இருக்கேன்ல.”