ஏற்காட்டு ஏரியிலே ஒரு பாட்டு

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்ந்தோம். ஏரியில் படகேறியதும், படகுக்காரர் கைபேசியில் பழைய பாட்டொன்றை ஒலிக்கவிட்டார். 'மூன்று முடிச்சு' (1976) படத்துப் படகுப் பாட்டு!

கண்ணதாசனின் அந்தாதி அது. ஓரடி முடியும் சொல்லில் அடுத்த அடி தொடங்கும். காதலர்கள் மாறி மாறிப் பாட, காதலன் தண்ணீரில் விழுகிறான். நீந்தத் தெரிந்த நண்பனோ காப்பாற்றவில்லை. அறுந்த அந்தாதியை அவனே தொடர்கிறான். அந்தக் குரல் இசையமைத்த எம்.எஸ். விஸ்வநாதனுடையது.

"தம்பி, உங்களுக்கு நீச்சல் தெரியுமல்லவா?" என்றாள் என் மனைவி, கலவரத்துடன்.

"தெரியும் அம்மா. பாடத்தான் வராது!"

மாலையில் லேடீஸ் சீட் முனையில் நின்றோம். கீழே சேலத்துச் சமவெளியில் விளக்குகள் ஒன்றைத் தொட்டு ஒன்றாக மலர்ந்தன. அவள் என் கையை விடவேயில்லை.