இறந்தோர் திரும்புவதில்லை, அமானிதம் திரும்ப வேண்டும்



பேய்க் கதைகள் முன்பு பாட்டிமார் வாயிலாக வீட்டுக்குள் வந்தன. இன்று கைப்பேசி வாயிலாக வருகின்றன. அவற்றுள் கொரிய நாட்டுப் படங்களுக்கு நம் பிள்ளைகளிடையே தனி ஈர்ப்பு உண்டு. 2024 பிப்ரவரியில் வெளியாகி, கொரியத் திரையரங்குகளில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த 'எக்ஸ்ஹூமா' அத்தகைய படம். கொரிய மொழியில் அதன் பெயர் 'பாமியோ'. புதைகுழியைத் தோண்டுதல் என்பது அதன் பொருள். ஜாங் ஜே-ஹியுன் இயக்கிய இப்படத்தைக் கல்லூரியில் பயிலும் எங்கள் மகள் 2024 டிசம்பரில் ஓர் இரவு பார்த்தாள். பன்னிரண்டு வயது மகனும் கதவோரம் நின்று பாதிக்கு மேல் பார்த்துவிட்டான். அதனைத் தொடர்ந்து எங்கள் வீட்டில் நடந்தவை, இதே வயதுப் பிள்ளைகளை வளர்ப்போருக்குப் பயன்படக்கூடும் என்று கருதி எழுதுகிறோம்.

படத்தின் கதை இதுதான். அமெரிக்காவில் குடியேறிய செல்வம் மிக்க கொரியக் குடும்பமொன்றில் பச்சிளங்குழந்தை காரணம் தெரியாத நோயில் விழுகிறது. அழைத்து வரப்படும் பூசாரிப் பெண், மூதாதை ஒருவரின் புதைகுழியில்தான் சிக்கல் என்கிறாள். நிலக்குறி பார்க்கும் முதியவர் ஒருவரும், சவ அடக்கப் பணி செய்பவர் ஒருவரும் அவளோடு சேர்கிறார்கள். குழியைத் தோண்டி எடுத்தவுடன் பெட்டியைத் திறவாமலே எரித்துவிட வேண்டும் என்று குடும்பத்தார் வற்புறுத்துகிறார்கள். காரணம் பின்னர்தான் தெரிகிறது. 1910 முதல் 1945 வரை கொரியாவை ஜப்பான் ஆண்ட காலத்தில், சொந்த நாட்டாருக்கு எதிராக ஆட்சியாளருக்குத் துணைநின்று செல்வமும் பதவியும் பெற்றவர் அந்த மூதாதை. அவருடைய பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி செங்குத்தாகப் புதைக்கப்பட்டிருக்கிறது. ஒரு குடும்பம் மறைத்ததற்கு அடியில் ஒரு நாடே மறந்தது கிடந்தது என்று இயக்குநர் காட்டுகிறார்.

பன்றிகளின் உடல்களை வரிசையாக வைத்து நடத்தும் பூசாரிச் சடங்கும், ஆவிகளுக்கு அஞ்சி உடலெங்கும் மந்திர எழுத்து எழுதிக்கொள்வதும் அப்படத்தில் உண்டு. இவற்றுள் எதையும் நம் மார்க்கம் ஏற்பதில்லை என்பதைப் பிள்ளைகளிடம் தெளிவாகவே கூறினோம். சிறுவர்கள் பார்க்கத் தக்க படமும் அன்று. எனினும், படத்தைப் பார்த்த பின் மகன் கேட்ட கேள்விகள் கொரியாவைப் பற்றியவை அல்ல. எங்கள் தெருமுனைக் கடலைப் பற்றியவை.

நாங்கள் குடியிருப்பது புதுச்சேரியின் வைத்திக்குப்பத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மீனவப் பெருமக்களின் ஊர் இது. மாசி மகத்தன்று பல ஊர்க் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு இங்கேதான் வந்து சேர்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முன்பு இங்கே பரந்த மணற்கரை இருந்ததாகவும், அதில் கட்டுமரங்களை இழுத்துப் போட்டு வலை உலர்த்தியதாகவும் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் கூறுவார்கள். 1980களில் தெற்கே துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் எனக் கரை வரிசையாகக் கரைந்தது. மணலிருந்த இடத்தில் இன்று கருங்கற்கள் கொட்டிக் கிடக்கின்றன.

அந்தக் கற்களுக்கிடையில் இரவு நேரத்தில் அழுகுரல் கேட்கிறது என்றும், சுனாமியில் போனவர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்றும் மகனின் விளையாட்டுத் தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்த பின் அவன் கடற்கரைப் பக்கமே செல்லவில்லை. இரவில் தனியே எழுந்து தண்ணீர் குடிக்கவும் அஞ்சினான்.

இந்த அச்சம் வைத்திக்குப்பத்துக்கு மட்டும் உரியதன்று. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைப் பேரலை அழித்த பின்னர், இஷினோமாகி நகரின் வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலர், தாம் ஏற்றிச் சென்ற பயணி வழியில் மறைந்துபோனதாகக் கூறினார்கள். பல்கலைக்கழக மாணவி ஒருவர் அவற்றைத் தேடிக் கேட்டுத் தொகுத்தார். திடீரென்று ஆயிரமாயிரம் பேரை இழந்த ஊர்களில் இத்தகைய பேச்சு எழுவது மனித இயல்பு போலும். விடைபெறாமல் போனவரை மனம் எளிதில் போகவிடுவதில்லை.

மகனை அருகில் அமர்த்தி, நம் நம்பிக்கையை எளிய சொற்களில் விளக்கினோம். இறந்தவரின் ரூஹ் இவ்வுலகில் அலைவதில்லை. மறுமை நாள் வரை பர்ஸக் எனும் திரைக்கு அப்பால் இருக்கிறது. ஜின் என்பது அல்லாஹ்வின் தனிப் படைப்பு. இறந்த மனிதர் ஜின்னாக மாறுவதில்லை. நீரில் மூழ்கி இறந்த முஃமினுக்கு ஷஹீதின் நற்கூலி உண்டென்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் துஆச் செய்ய வேண்டும், அவர்களைக் கண்டு அஞ்சக் கூடாது. உறங்கும் முன் ஆயத்துல் குர்ஸியும் குல் சூராக்களும் ஓதினால் போதும். கழுத்தில் தாயத்து வேண்டாம்.

அவன் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அப்படியென்றால் நன்னிமா மட்டும் ஏன் இத்தனை வருசமாகக் கடலைப் பார்க்காமல் இருக்கிறார்கள்?" என்றான்.

எங்களிடம் விடை இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அது உம்மாவுக்கு உரியது.

உம்மா காரைக்காலில் பிறந்தவர்கள். அவர்களுடைய இளைய தம்பி, எங்கள் மாமா, மீனவர் குடியிருப்புக்கு அருகே சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார், மணமாகாதவர். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாள் என்பதால் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வருகிறேன் என்று காலையில் கரைக்குச் சென்றார். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நம் நாட்டில் விடியற்காலை ஆறரை மணி. அதன் அலை நம் கரையைத் தொட்டபோது காலை ஒன்பதை நெருங்கியிருந்தது. இடையில் இருந்த இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பொழுதில் அரசிடமிருந்து ஒரு சொல் எச்சரிக்கையும் கரைக்கு வரவில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறத்தாழ 600 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியைச் சேர்ந்தவர்கள். மாமாவின் உடல் கிடைக்கவில்லை. அடுத்திருந்த நாகூரில், தர்காவுக்குரிய நிலத்தில் சமயம் பாராமல் மையித்துகள் அடக்கம் செய்யப்பட்டன. அங்கும் தேடினார்கள். கப்ரு இல்லை, காட்டி அழுவதற்கு ஒரு மண்மேடு இல்லை.

2006இல் உம்மா எங்களோடு வந்து சேர்ந்தார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடலை அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. மாமாவின் பெயரும் வீட்டில் பேசப்பட்டதில்லை. ஐவேளைத் தொழுகைக்குப் பின் ஏந்தும் கைகளில் மட்டும் அந்தப் பெயர் இருந்தது. துயரத்தைச் சுமக்க அவர்கள் கண்ட வழி அது.

மகனின் கேள்வி உம்மாவின் காதிலும் விழுந்தது. மகள் அருகில் சென்று அமர்ந்து, தான் பார்த்த படத்தின் கதையை நன்னிமாவுக்குச் சொன்னாள். உம்மா இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்களே, திறந்தால் என்ன தெரிந்துவிடும் என்று பயந்தார்கள்?" மகள் விடை கூறினாள். உம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பின்பு எழுந்து சென்று, தம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைத் துப்பட்டியில் சுற்றிய பொதி ஒன்றை எடுத்து வந்தார்கள்.

உள்ளே இருந்தது மாமாவின் கடைக் கணக்கு நோட்டு. அன்று காலை அது கடையில் இருந்ததால் தப்பியது. தம் தாயார் கையிலிருந்து பெற்ற நாள் முதல் உம்மா அதைத் திறந்ததில்லை. திறந்தால் கணக்கை முடிக்க வேண்டியிருக்கும். கணக்கை முடித்தால் தம்பி இறந்துவிட்டான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எங்களிடம் கூறினார்கள்.

மகள் வாய்விட்டு வாசித்தாள். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், பீடிக்கட்டு. பெயருக்கு நேரே தொகை. பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். வர வேண்டிய கடன் அனைத்தையும் அந்த இடத்திலேயே உம்மா மன்னித்தார்கள். மற்றொரு வாரிசான பெரிய மாமாவும் தொலைபேசியில் சம்மதம் தெரிவித்தார். பிரச்சினை கடைசிப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஒரு பெண்ணின் பெயரும், அதன் கீழே சிறு சிறு தொகைகளும் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தன. ஐம்பது, முப்பது, நூறு, இருபது. மேலே 'அமானிதம்' என்றிருந்தது. மொத்தம் 2,350 ரூபாய்.

மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்கள், கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று நம்பிக்கையான கடைக்காரரிடம் காசைச் சேர்த்து வைப்பது கரையோர ஊர்களில் வழக்கம். அந்தப் பெண்ணை உம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. இருபது ஆண்டுகளாக மூடிக் கிடந்த நோட்டில் பேய் ஏதும் இல்லை. ஒருவருடைய உரிமை இருந்தது.

இறந்தவரின் கடனையும் அவர் பொறுப்பில் இருந்த அமானிதத்தையும் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நம் ஷரீஅத் சட்டம். உரியவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். எவரையும் கண்டறிய இயலாவிட்டால் மட்டுமே அவர் பெயரால் தர்மம் செய்யலாம். எங்கள் பள்ளிவாசல் இமாம் அவர்களும் இதையே கூறி, "முதலில் தேடுங்கள்" என்றார்கள்.

2025 பிப்ரவரியில் உம்மாவை அழைத்துக்கொண்டு காரைக்கால் சென்றோம். பழைய கரையோர வீடுகள் இருந்த இடம் வெறிச்சோடியிருந்தது. மக்கள் உட்புறத்தில் கட்டித்தரப்பட்ட குடியிருப்புக்கு மாறியிருந்தார்கள். மூன்று தெரு விசாரித்த பின் அந்தக் குடும்பம் கிடைத்தது. அந்த அம்மையாரும் அதே காலையில் அலையோடு போனவர். அப்போது ஒன்பது வயதாயிருந்த அவர் மகன் இப்போது படகு எந்திரம் பழுது பார்க்கிறார். தொகையை ஓர் உறையில் இட்டு, விவரத்தைக் கூறி, உம்மா நீட்டினார்கள். அன்றைய 2,350 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு இருக்கும் என்று எண்ணி, எங்கள் சார்பில் அன்பளிப்பாக மேலும் ஒரு தொகையைத் தனி உறையில் வைத்திருந்தோம்.

அவர் முதல் உறையை மட்டும் பெற்றுக்கொண்டார். பிறகு நோட்டைக் காட்டச் சொன்னார். தாயின் பெயர் எழுதப்பட்டிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வீட்டோடு எல்லாம் போய்விட்டதால் தாயின் நிழற்படம் ஒன்றுகூடத் தம்மிடம் இல்லை என்றார். "எதுக்காகச் சேர்த்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா?" என்று உம்மாவைக் கேட்டார்.

உம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம் தொலைவில் இருப்பதால் மகனுக்கு ஒரு சைக்கிள் வாங்க வேண்டும் என்று அந்த அம்மையார் மீன் கொடுக்கும்போதெல்லாம் சொல்வாராம். அவர் குரல் எப்படி இருக்கும், மத்தியைக் கூறுகட்டும்போது எப்படிக் கூடுதலாக ஒன்றைப் போடுவார், எங்கள் மாமாவை எப்படிக் கேலி செய்வார் என்பதையெல்லாம் உம்மா சொல்லிக்கொண்டே போனார்கள். இருபது ஆண்டுகளில் மாமாவைப் பற்றி உம்மா அத்தனை நேரம் பேசி நாங்கள் கேட்டது அதுவே முதல் முறை. அந்த மகன் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். எங்கள் மகன் நன்னிமாவின் கையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

கொரியப் படத்தில் வருவோர் புதைகுழியைத் தோண்டினார்கள். நம் மார்க்கம் தக்க காரணமின்றிக் கப்ரைத் தோண்ட அனுமதிப்பதில்லை. இறந்தவரின் கண்ணியம் உயிரோடிருப்பவரின் கண்ணியத்தைப் போன்றது. ஆனால் டிரங்குப் பெட்டிகளைத் திறக்கத் தடையில்லை. சகோதரிக்குத் தராமல் விட்ட பாகம், எழுத்தில்லாமல் வாங்கிய கைமாற்று, வெளிநாடு போனவர் ஒப்படைத்துச் சென்ற நகை, பேசாமல் முறிந்த உறவு என எத்தனையோ நம் வீடுகளில் துணி சுற்றிக் கிடக்கின்றன. முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து, அவசரப்படுத்தாமல் கேளுங்கள். அவர்களோடு அந்தக் கணக்கும் போய்விட்டால், பிறகு உரியவரைத் தேடவும் வழியிருக்காது. பிள்ளைகள் பேயைப் பற்றிக் கேட்டால் அக்கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். பெரியவர்கள் எதைப் பேச அஞ்சுகிறார்கள் என்பதைத்தான் அவர்கள் பல நேரங்களில் கேட்கிறார்கள்.

உம்மா இன்னும் கடலைப் பார்க்கச் செல்லவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. மாமாவின் பெயரை மட்டும் இப்போது பிள்ளைகளிடம் சொல்கிறார்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றை உரியவரிடம் சேர்த்துவிட்டே இவ்வுலகை விட்டுச் செல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. அந்தக் காலையில் கடல் கொண்டுபோனவர்களின் உற்றாருக்கு அவன் ஆறுதலைத் தருவானாக. ஆமீன்.