"எனக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்கக்கா"

எங்கள் காலனியில் ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கை, தையல் வேலைக்குப் போகிறவள், ஒருநாள் சாயங்காலம் என்னைத் தேடி வந்தாள். தலைப்பிரசவம். "உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட சொல்லி எனக்கு ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்கக்கா" என்றாள்.

வலிக்குப் பயமா என்று கேட்டேன். "வலியத் தாங்கிக்குவேன். அவங்க பேசறதத்தான் தாங்க முடியாது."

அவளுடைய அக்காவுக்கு அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் தொடையில் அடி விழுந்திருக்கிறது. "படுக்கும்போது இனிச்சுதா" என்ற அந்தப் பழைய கேள்வி. கூடவே "எந்தத் தெரு?" என்ற கேள்வியும். தெருவைச் சொன்ன பிறகு குரல் மாறுவதை நம் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கிழித்து எடுத்தாலும் பரவாயில்லை, மரியாதையாகப் படுத்திருக்கலாம் என்று ஒரு பெண் நினைக்கிறாள். சுகப்பிரசவத்துக்கு யோகா சொல்லித்தருகிற வீடியோக்களில் இந்தப் பயத்துக்கு ஒரு வரி இல்லை.

என் கதை வேறு. சமூகவியலில் முதுகலை முடித்தவள், மருத்துவ அதிகாரம் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவள், தனியார் மருத்துவமனையில் 38ஆவது வாரம் "கொடி சுத்தியிருக்கு" என்று சொன்னதும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். வலிகூட வரவில்லை. அம்மா தோட்டை அடகு வைத்தார். ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும், பெரும்பாலானவை சாதாரணமாகவே பிறக்கும் என்று பிறகுதான் படித்தேன்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 45 சிசேரியன். தனியாரில் 64, அரசில் 36. இந்தியச் சராசரி 22க்குள்தான். இத்தனை தமிழச்சிகளுக்கும் இடுப்பு சுருங்கிவிட்டதா என்ன? கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு அந்தத் தழும்பு வெறும் தழும்பு இல்லை. வாரக்கணக்கில் குடம் தூக்க முடியாது, நடவுக்குக் குனிய முடியாது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு அந்தத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடுகிறது.

"குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா சுகப்பிரசவம் ஆகும்" என்பார்கள். ஒன்பதாம் மாதம் வரை களையெடுத்த என் அம்மாவிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். நம் பெண்களுக்குக் குறைவது உடற்பயிற்சி இல்லை. ஓய்வும், சாப்பாடும், ரத்தமும்தான். அதனால் அந்தத் தங்கைக்கு முதலில் சொன்னது, இரும்புச்சத்து மாத்திரையை மறைத்து வைக்காதே, வாந்தி வந்தால் நர்சிடம் சொல் என்பதுதான்.

அதற்காக, பாட்டி காலத்துக்குத் திரும்புவோம் என்பவர்களோடு நான் இல்லை. என் பாட்டி வீட்டிலேயே ஒன்பது பெற்றார், நான்கு தங்கின. 2018இல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்து ஒரு பெண் இறந்ததை மறக்க முடியாது. குழந்தை குறுக்கே கிடந்தால், நஞ்சு வாயை மறைத்தால், துடிப்பு இறங்கினால், கத்தி உயிர் காக்கும். அங்கே தயங்கக் கூடாது. மற்ற நேரங்களில் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன். குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கு? எனக்கு இப்போ என்ன ஆபத்து? ரெண்டு மணி நேரம் பொறுத்தா என்ன ஆகும்? கர்ப்பப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. வலியின்போது மல்லாந்து கிடக்க வேண்டியதில்லை; நடக்கலாம், சுவரைப் பிடித்துக் குந்தலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது துணை. அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் கர்ப்பிணியோடு ஒரு பெண் துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டில் பல வருடங்களாக உள்ள ஏற்பாடு. 2017இல் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் அதைத்தான் சொல்கிறது. நம் தெருவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவளோடு நான் போனேன். வாசலில் "வெளிய இருங்க" என்றார்கள். விதியைச் சொன்னேன், அடையாள அட்டையைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். பதினோரு மணி நேரம். இடுப்பைத் தேய்த்துவிட்டேன், நடக்க வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். நர்ஸ் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். விடியற்காலையில் பெண் குழந்தை, 2 கிலோ 800. கத்தி படவில்லை.

அடுத்த கட்டிலில் ஒரு பெண் தனியாகக் கிடந்தாள். அவளுடைய மாமியாரை யாரும் உள்ளே விடவில்லை, அவரும் கேட்கவில்லை. அதே நர்ஸ் அவளை "ஏய்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.